மூன்றில் இரண்டு

கலிஃபோர்னியாவில் பள்ளி ஆசிரியர்களுக்கு மார்ச் 15 நெருங்கினாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அடுத்த கல்வியாண்டில் உங்களுக்கு வேலை இல்லாமல் போகலாம் என்ற முன்னறிவிப்பை அந்தத் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வேலை உண்டா இல்லையா என்பது மே மாதம் பாதியில்தான் உறுதியாகும். 2011இல் என் மகனுடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு அந்தக் கடிதம் வந்தது. மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக வாசலில் நின்ற எங்களிடம் அவரே சொன்னார். காரில் ஏறியதும் மகன் கேட்டான்: “அவங்க என்னம்மா தப்பு பண்ணாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். அதற்கு முன்பு வரியைப் பற்றியும் ஓட்டைப் பற்றியும் அவ்வளவாக யோசித்ததில்லை. குடியுரிமை வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பள்ளி நிதிக்காக எங்கள் ஊரில் இரண்டு முறை ஓட்டு நடந்தது, இரண்டு முறையும் நான் வீடு வீடாகப் போனேன். முதல் முறை தோற்றோம், இரண்டாம் முறை வென்றோம். இடையில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தீர்மானம் வந்தால், ஆதரித்தாலும் எதிர்த்தாலும், பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் பேசியதுதான் முதல் முறை நாங்கள் செய்த பெரிய பிழை.

எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகள். எங்கள் வீட்டை 2004இல் ஆறரை லட்சம் டாலருக்கு வாங்கினோம். எதிர்வீட்டு அம்மையார் 1975இல் 60,000 டாலருக்கு வாங்கியவர். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி ஓட்டுக் கூரை. 2012இல் நாங்கள் கட்டிய அடிப்படைச் சொத்து வரி 6,500 டாலருக்கு மேல். அவர் கட்டியது சுமார் 1,250 டாலர். யாரும் ஏமாற்றவில்லை. 1978 ஜூனில் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பிராப் 13 (பிராப் என்றால் மாநிலம் முழுவதும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் முன்மொழிவு) சொல்வது அதுதான்: சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்த மதிப்பும் வீடு கைமாறும் வரை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கிட்டத்தட்ட 65 சதவீத ஓட்டில் அது வென்றது.

அதற்கு முன்பு பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. பணக்கார ஊரில் பணக்காரப் பள்ளி, ஏழை ஊரில் ஏழைப் பள்ளி. அது சரியல்ல என்று 1971இல் செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பக்கம் அந்தத் தீர்ப்பு, மறு பக்கம் பிராப் 13. இரண்டும் சேர்ந்து பள்ளிகளின் கஜானாச் சாவி ஊரைவிட்டு மாநிலத் தலைநகரம் சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டது. மாநிலமோ வருமான வரியை நம்பி வாழ்வது. பங்குச் சந்தை சரிந்தால் வரி வருமானமும் சரியும். 2008 சரிவுக்குப் பின் பள்ளிகளில் நடந்தது அதன் விளைவு. 1996 முதல் சிறு வகுப்புகளில் இருபது பிள்ளைகள் என்று வைத்திருந்த கட்டுப்பாடு தளர்ந்து, என் மகன் வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்தார்கள். நூலகம் வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்தது.

ஊரார் தாங்களே கூடுதல் பணம் திரட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பாண்டு. அதாவது, ஊர் சேர்ந்து வாங்கும் நீண்ட காலக் கடன். 2000ஆம் ஆண்டின் பிராப் 39க்குப் பின் அதற்கு 55 சதவீத ஓட்டுப் போதும். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும்தான் செலவிட முடியும், ஆசிரியர் சம்பளத்துக்கு ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. மற்றது பார்சல் டாக்ஸ். ஒரு மனைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. சம்பளம், நூலகம், இசை வகுப்பு என்று எதற்கும் செலவிடலாம். ஆனால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இதுவும் பிராப் 13 வைத்த விதிதான்.

எங்கள் பள்ளி மாவட்டம், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு, 2012 ஜூன் தேர்தலில் வைத்தது பார்சல் டாக்ஸ். மனைக்கு ஆண்டுக்கு 98 டாலர், எட்டு ஆண்டுகளுக்கு. 65 வயது கடந்தவர்கள் விண்ணப்பித்தால் விலக்கு.

நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியது ஏப்ரலில். கையில் துண்டறிக்கை, வாயில் மனப்பாடம் செய்த பேச்சு. பிள்ளைகளின் எதிர்காலம், ஊரின் எதிர்காலம் என்று மூச்சு விடாமல் நாலு நிமிடம் பேசியிருப்பேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். “என் பிள்ளைகள் இதே பள்ளியில்தான் படித்தார்கள். அப்போது எல்லாம் இருந்தது. அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் மறுபடியும் எதிர்காலத்தைப் பற்றித் தொடங்கினேன். “நன்றி, யோசிக்கிறேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு என் தாளில் அவர் பெயருக்கு எதிரே “எதிர்ப்பு” என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அதைவிட மோசமாக இன்னொன்றும் செய்தேன். வகுப்புப் பெற்றோர் பிரதிநிதி என்ற முறையில் என்னிடம் எல்லாப் பெற்றோரின் மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. அதில் “ஆம் என்று ஓட்டுப் போடுங்கள்” என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே புகார் போனது. பொதுப் பணத்தையோ பொது அலுவலகத்தின் வசதிகளையோ ஒரு தரப்புக்காகப் பிரசாரம் செய்யப் பயன்படுத்தக் கூடாது. 1976இல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் இது தெளிவாகத் தீர்க்கப்பட்ட விஷயம். பள்ளி நிர்வாகம் தகவல் சொல்லலாம், ஓட்டுக் கேட்கக் கூடாது. ஆசிரியர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே, சொந்தப் போனில், குடிமக்கள் என்ற முறையில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். நான் அனுப்பிய ஒரே கடிதத்தால் பள்ளி எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் குழுவுக்கு இரண்டு வாரம் வீணாயிற்று. பிரசாரம் என்றால் தனிக் குழு, தனி வங்கிக் கணக்கு, தனி முகவரிப் பட்டியல். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். பள்ளியின் பெயரில் வரும் எந்தப் பட்டியலையும் தொடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்தான் விவாதம் சூடாக நடந்தது. வாடகைக்கு எடுத்த பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்க, வெளியே மர மேசைகளைச் சுற்றிப் பெற்றோர், பிளாஸ்கில் காபி. கோவில்பட்டிக்காரர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணாச்சி, சில்லு கம்பெனியில் பொறியாளர். அவர் நேராகவே கேட்டார்.

“ஏம்மா, வருஷம் ஏழாயிரம் டாலர் சொத்து வரி கட்டுதேன். சம்பளத்துல மாநில வரி வேற. லாட்டரி டிக்கெட் விக்கிறவன்கூட பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகுதுன்னுதான் சொல்லுதான். இத்தனையும் வாங்கிட்டு இன்னும் 98 டாலரா?”

“98 டாலர் உங்களுக்குப் பெரிய காசா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தொகை சின்னது என்று சொல்வது பதிலே அல்ல. அவர் கேட்டது நியாயத்தைப் பற்றி. ஒருவருடைய பணம் அவருக்குச் சின்னதா பெரியதா என்று சொல்ல நான் யார்? அவர் முகம் சுருங்கிப்போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

லாட்டரி கேள்விக்கு மட்டும் நேரான பதில் உண்டு. 1984இல் மக்கள் ஓட்டால் வந்த லாட்டரி கல்விக்குப் பணம் தருவது உண்மை. ஆனால் பள்ளிகளின் மொத்த வருமானத்தில் அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுதான். இதை அன்றே சொல்லியிருந்தால் அண்ணாச்சி ஏற்றுக்கொண்டிருப்பார். அவர் கணக்கை மதிப்பவர்.

ஜூன் முதல் செவ்வாயன்று ஓட்டு எண்ணினார்கள். எங்கள் தீர்மானத்துக்கு அறுபது சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. தோற்றுவிட்டோம். அதே ஆண்டு நவம்பரில், வருமான வரியையும் விற்பனை வரியையும் கூட்டிப் பள்ளிகளைக் காப்பாற்றும் மாநிலத் தீர்மானமான பிராப் 30, 55 சதவீதச் சொச்சம் ஓட்டு வாங்கி வென்றது. எங்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த பங்கு! மாநில அளவிலான முன்மொழிவுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். ஊர் தன் பள்ளிக்காக வரி போட்டுக்கொள்ள மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் மற்ற எல்லோரையும் தடுத்து நிறுத்த முடிகிறது. ஆனால் விதியைத் திட்டிக்கொண்டிருந்தால் நூலகம் திறக்காது.

அந்த ஆசிரியை ஆகஸ்டில் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

இரண்டாம் முறை 2016 நவம்பரில். இந்த முறை குழுவில் நாலு வருடத் தழும்பு இருந்தது.

மூன்றில் இரண்டு என்றால் என்ன என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தோம். ஒரு “இல்லை” ஓட்டைச் சரிக்கட்ட இரண்டு “ஆம்” ஓட்டு வேண்டும். எதிர்ப்பவர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் வாதாடி அவரை இன்னும் கோபப்படுத்தினால் இழப்பு இரட்டிப்பு. அதே ஒரு மணி நேரத்தில், ஆதரவாக இருந்தும் தபால் ஓட்டுக் கவரைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைத்திருக்கும் ஐந்து பெற்றோரைக் கூப்பிட்டு நினைவுபடுத்தலாம். 2012இல் எங்கள் தமிழ்க் குடும்பங்களிலேயே ஓட்டுரிமை இருந்தும் பதிவு செய்யாதவர்கள், பதிவு செய்தும் அனுப்பாதவர்கள் எத்தனையோ பேர். அப்போதைய விதிப்படி தபால் ஓட்டு தேர்தல் நாள் மாலைக்குள் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். முதல் நாள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் ஓட்டு எண்ணப்படவே இல்லை. 2015இலிருந்து அந்த விதி மாறிவிட்டது. தேர்தல் நாள் தபால் முத்திரை இருந்து, சில நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும். கவரின் வெளியே கையெழுத்து இல்லாவிட்டாலோ, பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ சிக்கல் வரும். நம்மவர்கள் பாஸ்போர்ட்டில் ஒன்று, வங்கியில் ஒன்று, ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று என்று கையெழுத்துப் போடுகிறவர்கள். ஒரே கையெழுத்தைப் போடச் சொல்லி வீடு வீடாக நினைவூட்டினோம்.

இன்னொரு தடை, ஓட்டுச்சீட்டின் நீளம். 2016 நவம்பரில் மாநிலத் தீர்மானங்கள் மட்டுமே 17. உள்ளூர்த் தீர்மானம் எல்லாவற்றுக்கும் கடைசியில். பாதி வரை வந்து களைத்துப்போய் மீதியைக் காலியாக விடுகிறவர்கள் உண்டு. அதனால் “கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்” என்பதையே எங்கள் வாசகமாக வைத்துக்கொண்டோம்.

ஓட்டில்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்-1பி விசாவில் வந்து கிரீன் கார்டுக்காகப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். வரி கட்டுகிறார்கள், பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள், ஓட்டு மட்டும் கிடையாது. “எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று ஒதுங்கியே நின்றார்கள். கிரீன் கார்டுகூட இல்லாத வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கினால் சட்டச் சிக்கல் வரலாம், ஆனால் அவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்களாக உழைக்கலாம் என்று எங்கள் பொருளாளர் விசாரித்துச் சொன்னார். அதன் பின் மதுரைக்காரத் தம்பி ஒருவர் சனிக்கிழமைதோறும் தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வந்தார். எங்கள் குழுவிலேயே அதிகக் கதவுகளைத் தட்டியவர் அவர்தான். “எனக்கு ஓட்டில்லை, எனக்காக நீங்கள் போடுங்கள்” என்று அவர் கேட்டால் இல்லையென்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

எதிர்வீட்டுக்கு இந்த முறை துண்டறிக்கை இல்லாமல் போனேன். நாலு வருடத்துக்கு முன் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அதற்காக வந்திருக்கிறேன் என்றேன். உள்ளே அழைத்தார்.

பதில் சொல்வதற்கு முன் அவர் கதையைக் கேட்டேன். 1978இல் பிராப் 13க்கு அவர் ஓட்டுப் போட்டிருந்தார். அந்த ஆண்டுகளில் வீட்டு விலை கிடுகிடுவென்று ஏற, வரியும் கூடவே ஏறியது. சம்பளம் ஏறவில்லை. அடுத்த தெருவில் வயதான தம்பதி வரி கட்ட முடியாமல் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். “எனக்குப் பள்ளி வேண்டாம் என்று நான் ஓட்டுப் போடவில்லை. வீடு போய்விடும் என்ற பயத்தில் போட்டேன்” என்றார். பிராப் 13ஐ வெறும் சுயநலம் என்று நினைத்திருந்தவள் நான். வட்டிக்காரனுக்குப் பயந்து நிலத்தை விற்ற குடும்பங்களை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குத் தெரியாததா?

அப்புறம் அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எழுதிக்கொண்டேன். இரண்டு நாளில் பதிலோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாவட்டத்தின் வரவு செலவு அறிக்கையையும், ஓட்டுச்சீட்டோடு வரும் கையேட்டில் கவுன்டி வழக்கறிஞர் எழுதும் நடுநிலை விளக்கத்தையும் எடுத்து உட்கார்ந்தேன். ஓட்டுச்சீட்டில் இருக்கும் கேள்வி 75 சொற்களுக்குள் அடங்கியது. தீர்மானத்தைக் கொண்டுவரும் பள்ளி மாவட்டமே எழுதுவது, அழகாகத்தான் இருக்கும். முழுத் தீர்மானத்தில்தான் பணம் எதற்குச் செலவாகும், எதற்கு ஆகாது, கணக்கை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் இருக்கும். எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவதென்றாலும் அதைப் படித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

முதல் கேள்வி: இந்தப் பணம் ஓய்வூதியத்துக்குப் போகுமா? சங்கடமான கேள்வி. ஆசிரியர் ஓய்வூதிய நிதியில் விழுந்த ஓட்டையை அடைக்க 2014இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி சம்பளத்தில் 8.25 சதவீதமாக இருந்த பள்ளி மாவட்டங்களின் பங்கு படிப்படியாக 19.1 சதவீதம் வரை ஏற வேண்டும். “நேரடியாகப் போகாது. ஆனால் வேறு பணம் அங்கே போவதால்தான் நூலகத்துக்கு இந்தப் பணம் தேவைப்படுகிறது” என்று உள்ளதைச் சொன்னேன். குழுவில் சிலருக்கு இதைச் சொல்வதே பிடிக்கவில்லை, எதிர்த் தரப்புக்கு ஆயுதம் கொடுக்கிறாய் என்றார்கள். அம்மையாரோ முதல் முறையாகத் தலையை ஆட்டினார். “இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று பார்த்தேன்” என்றார்.

இரண்டாவது: பெரிய கடைவளாகம் வைத்திருப்பவனும் 98, நானும் 98. இது நியாயமா? நியாயமில்லை என்றேன். மதிப்பைப் பார்த்துக் கூடுதல் சொத்து வரி போட பிராப் 13 விடாததால் வந்த வினை இது. வேறு வழி தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

மூன்றாவது: 65 கடந்தவர்களுக்கான விலக்கு தானாகக் கிடைக்குமா? கிடைக்காது. படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், தேதி தவறினால் அந்த ஆண்டு கட்டித்தான் ஆக வேண்டும். பல ஊர்களில் முதியவர்களுக்கு இது தெரிவதே இல்லை. படிவம் எங்கே, கடைசித் தேதி எது என்பதை விரல் நுனியில் வைத்திருக்காதவர் முதியவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்பேன்.

எப்படி ஓட்டுப் போடப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நல்ல பள்ளி இருந்தால் வீட்டு விலை ஏறும் என்று சொல்லி ஓட்டுக் கேட்கச் சொன்னார்கள். எடுபடும் வாதம்தான். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. வாடகைக்கு இருப்பவரிடம் போய் வீட்டு விலை ஏறும் என்றால் அவருக்கு அது கெட்ட செய்தி. அவருக்கும் ஓட்டு உண்டு, அவர் பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்காகக் கேட்பதைப் பள்ளிக்காகவே கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வகுப்பில் முப்பது பேர் இருக்கிறார்கள், இருபத்து நாலாகக் குறைக்க இத்தனை ஆசிரியர் வேண்டும், இத்தனை செலவு. நூலகம் ஐந்து நாளும் திறக்கும். இதைத்தான் சொன்னோம். சொல்ல முடியாததைச் சொல்லவில்லை.

பள்ளிக்கு ஏன் பெற்றோரே நன்கொடை கொடுக்கக் கூடாது என்று தமிழ்ப் பள்ளி மேசையில் கேட்டார்கள். கொடுக்கலாம், கொடுக்கிறோம். ஆனால் குன்றின் மேலிருக்கும் பள்ளியில் பெற்றோர் குழு ஒரே இரவில் திரட்டுவதை, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியால் ஓராண்டில் திரட்ட முடியாது. வரி என்றால் இரண்டுக்கும் போகும். இதைச் சொன்னபோது என் தாத்தாவைப் பற்றியும் சொன்னேன். 1950களின் கடைசியில், காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலம். ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார்கள். என் தாத்தா இரண்டு பெஞ்சு கொடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. அண்ணாச்சி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “அது அவரு மனசா குடுத்தது. இது சட்டம் போட்டு வாங்குறது” என்றார் பிறகு. அதுவும் உண்மைதான். அவர் அந்த முறையும் “இல்லை” என்றே போட்டார், என்னிடம் சொல்லிவிட்டே போட்டார். அன்று மாலை என் மகளை அவர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

ஓட்டே இல்லாமலும் எல்லோரும் செய்யக்கூடிய ஒன்றை அந்த மேசையில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான பள்ளிகளுக்கு மாநிலப் பணம் வருவது எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கில் அல்ல, நாள்தோறும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற சராசரியில். டிசம்பர் விடுமுறையோடு மூன்று வாரம் சேர்த்து ஊருக்குப் போய் வருகிறோமே, அந்த ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் பள்ளி பணத்தை இழக்கிறது. போவதற்கு முன்பே கேட்டு இன்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, கொடுத்த பாடங்களை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்கள் கணக்கில் சேரும். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியவில்லை. எனக்கே ஆறு ஆண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை ஓட்டு எண்ணி முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. முதல் இரவு கோட்டுக்குக் கீழே இருந்தோம். கடைசியில் வந்த தபால் ஓட்டுகள் மேலே தூக்கின. நூலிழையில் மூன்றில் இரண்டைத் தாண்டினோம். அந்த மதுரைத் தம்பிதான் முதலில் போன் செய்து அழுதார்.

2020இல் பிராப் 15 வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. வீடுகளைத் தொடாமல், 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வணிகச் சொத்துக்களுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி. ஆண்டுக்கு 650 கோடி முதல் 1,150 கோடி டாலர் வரை வரும், அதில் 40 சதவீதம் கல்விக்கு. கடைவளாகத்தைப் பற்றி எதிர்வீட்டு அம்மையார் கேட்ட கேள்விக்கு இதுவே விடை என்று மகிழ்ந்தேன். எல் கமினோ ரியல் சாலையில் உணவகம் நடத்தும் நண்பர் வேறொன்று சொன்னார்: “கட்டடம் என்னுடையது இல்லைக்கா. ஆனா ஒப்பந்தப்படி சொத்து வரி என் தலையில. ஊரடங்குல பாதி மேசை காலி. இதுல இதுவுமா?” அவருக்கு நான் திருப்தியான பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. நான் “ஆம்” என்று போட்டேன், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரைப் போன்றவர்களின் பயத்துக்கு விடை சொல்லாமல் அந்தத் தீர்மானம் வெல்ல முடியாது என்று அன்றே தோன்றியது. 52க்கு 48 என்று தோற்றது.

2016 வெற்றிக்குப் பின் எங்கள் தீர்மானத்தில் எழுதியிருந்தபடி மக்கள் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். வென்றதும் எல்லோரும் கலைந்துவிடுகிறோம், உண்மையில் அப்போதுதான் ஆள் வேண்டும். நான் விண்ணப்பித்தேன். முதல் கூட்டத்துக்குப் போனால், எனக்கு முன்பே எதிர்வீட்டு அம்மையார் உட்கார்ந்திருந்தார். விலக்குப் படிவத்தைக் கொடுத்துவிட்டிருந்தார், ஒரு டாலரும் அவர் கட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அடிக்கோலும் பென்சிலும் கொண்டுவருவார். அறிக்கையின் ஒவ்வொரு வரியின் கீழும் அடிக்கோலை வைத்து நகர்த்திப் படிப்பார்.

2018 வசந்தத்தில் ஒரு கூட்டம். நூலகர் சம்பளம் என்ற வரியில் அடிக்கோல் நின்றது. “ஐந்து நாளுக்குச் சம்பளம் எழுதியிருக்கிறீர்கள். கதவில் திங்கள் முதல் வியாழன் வரை என்று போட்டிருக்கிறதே?” என்று கேட்டார். அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். வெள்ளிக்கிழமைகளில் நூலகரை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். அம்மையார் அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகளைப் பள்ளியில் விடப் போனேன். நூலகக் கதவு திறந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ‘வியாழன்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே பேனாவால் ‘வெள்ளி’ என்று எழுதியிருந்தார்கள்.